யாரும் இறக்கவில்லை என்று எழுதி ஒட்டியவர்

அன்று காலை நான் முதலில் செய்தது, சமையலறைச் சன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்தது. தேக்காவில் எட்டு மணிக்கு ஒரு குறும்படத்தின் வெளிப்புறப் படப்பிடிப்பு இருந்தது. கிளமெண்டியில் வானம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் என் வீட்டு வானத்தை நான் ஒருபோதும் நம்பியதில்லை. படப்பிடிப்பு உள்ள நாள்களில் ஆறரை மணிக்கு, ஊரின் வடகோடியில் இருக்கும் ஈசூனிலிருந்து என் அலுவலகத்து வேலு அண்ணன் அழைப்பார். பத்தாவது மாடித் தாழ்வாரத்தில் நின்றபடி, "ஜொகூர் பக்கம் கறுப்பா இருக்கு, பிளாஸ்டிக் ஷீட் எடுத்துக்கச் சொல்லு" என்பார். இல்லாவிட்டால், "ஒண்ணும் வராது, தைரியமா போ" என்பார். படப்பிடிப்புக்கு இடம் பிடிக்கும் வேலையிலிருந்து அவரை மாற்றி இரண்டு ஆண்டுகள் ஆன பிறகும் அந்த அழைப்பு நிற்கவில்லை.

அன்று ஆறே முக்காலுக்குத்தான் கைபேசி ஒலித்தது. திரையில் அவர் பெயர்.

"என்னண்ணே, இன்னைக்கு லேட்டு? மழை வருமா?" என்றேன்.

"சுமதி, நான் அண்ணி பேசறேன்." பின்னால் யாரோ ஒரு நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. "அவரு எந்திரிக்கல."

தூக்கத்திலேயே போய்விட்டார். இதயம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தாராம். ஐம்பத்தொன்பது வயது.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தேக்காவில் காத்திருந்த குழுவுக்கு, "மழை பற்றி இன்னும் தகவல் இல்லை" என்று ஒரு செய்தி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் உட்கார்ந்தேன்.

செல்லப்பன் வேலாயுதம் என்பது அலுவலகப் பதிவில் உள்ள பெயர். தமிழர்களுக்கு அவர் வேலு அண்ணன்; மற்றவர்களுக்கு வேலா. உள்ளூரில் படம் எடுப்பவர்களுக்குக் கைகொடுக்கும் அரசு அலுவலகம் எங்களுடையது. கதையாக இருக்கும்போதே ஒரு படத்துக்கு மானியம் கொடுத்து, எடுக்க இடம் பிடித்துத் தந்து, முடிந்த பிறகு மக்கள் முன் திரையிட்டு, முடிந்தால் வெளிநாட்டு விழாக்களுக்கும் அனுப்பிவைப்போம். நான் மானியப் பிரிவில் இருக்கிறேன். அண்ணன் இடப் பிரிவில் இருந்தார். எந்தத் தெருவில், எந்த அடுக்குமாடிப் புளோக்கில், யார் கடை வாசலில் கேமரா வைக்கலாம் என்று கேட்டுப் பேசி அனுமதி வாங்குவது அவர் வேலை.

சினிமாவுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இருந்ததில்லை. அதற்கு முன் பதினைந்து ஆண்டுகள் ஒரு நகர மன்றத்தில் குடியிருப்பாளர்களின் புகார்களைக் கேட்கும் மேசையில் இருந்தவர். நான் சேர்ந்த முதல் வாரத்தில், "நீங்க எப்படிண்ணே இந்த வேலைக்கு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"படம் எடுக்கறவனுக்கு வெளிச்சம் தெரியும்மா. எனக்கு கம்ப்ளெய்ண்ட் தெரியும். மேல் வீட்டுல அம்மிச் சத்தம், கீழ் வீட்டுல நாய், பக்கத்து வீட்டுல சாம்பிராணிப் புகை. பதினஞ்சு வருஷம் கேட்டாச்சு. எந்தப் புளோக்குல யாரு எப்ப கத்துவாங்கன்னு எனக்கு நல்லா தெரியும். அதான் கூப்பிட்டாங்க."

அது பாதிதான் வேடிக்கை. படப்பிடிப்புக்கு முந்தைய நாள், படப்பிடிப்பு நடக்கப்போகும் அதே நேரத்தில் அவர் அந்த இடத்துக்குப் போய் ஒரு மணி நேரம் சும்மா நிற்பார். குப்பை வண்டி எப்போது வருகிறது, பாலர் பள்ளி எப்போது விடுகிறது, எந்த வீட்டில் பகல் தூக்கம் என்றெல்லாம் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். இரவு வேலை பார்ப்பவர் வீடு என்று தெரிந்தால் அந்தக் கதவை மட்டும் தட்டமாட்டார். அவர் எழுந்த பிறகு, மாலையில் திரும்பப் போய்ச் சொல்வார்.

நான் சேர்ந்த ஆண்டு தேக்காவில் எடுத்த ஒரு படத்தை முதன்முதலாகத் திரையிட்டோம். இடம் கொடுத்தவர்களை எல்லாம் அண்ணன் நேரில் போய் அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார். மாவு மில் நடத்தும் ஒருவர் மனைவி, மாமியார், மூன்று பிள்ளைகளோடு வந்திருந்தார். படம் பாதிக்கு மேல் போனதும் இருட்டில் அவர் குரல் எழுந்தது.

"வேலு! என் கடை எங்கய்யா?"

"வந்துடுச்சுங்க. இப்பத்தான் போச்சு."

"போச்சா? மூணு நாள் மிஷின ஆஃப் பண்ணி வெச்சேன். மூணு செகண்டு காட்டறீங்க. அதுலயும் என் மூஞ்சி மங்கலா இருக்கு!"

பின்வரிசையில் இருந்த இயக்குநர் எழுந்து, "அண்ணே, அது சாஃப்ட் போகஸ்" என்றார்.

"சாஃப்ட்டா? என் மாவுதான்யா சாஃப்ட்டு!"

அரங்கமே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. மறுநாள் காலை நேரே மில்லுக்குப் போய், தான் முன்கூட்டியே சொல்லாதது தவறு என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எந்தக் கடையில் ஏறினாலும் இரண்டு விஷயங்களை முதலில் சொல்லிவிடுவார். "உங்களச் சத்தம் போடக்கூடாதும்பாங்க. கடைசியில உங்க கடையே படத்துல வராமலும் போகலாம். சம்மதமா?" இப்படிக் கேட்டால் யார் இடம் கொடுப்பார்கள் என்று நாங்கள் பயந்தோம். கொடுத்தார்கள். அந்த மில்காரரும் அதற்குப் பிறகு இரண்டு படங்களுக்குக் கொடுத்தார்.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வருகிறது. லிட்டில் இந்தியாவில் வார விடுமுறைக்கு வெளிநாட்டு ஊழியர்கள் கூடும் நேரம். காருக்குள் கேமராவை மறைத்துவைத்து அந்தக் கூட்டத்தைப் படமாக்க ஒரு குழு விரும்பியது. இயல்பாக இருக்கும் என்றார்கள். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. ஓர் அட்டையில் தமிழிலும் வங்காள மொழியிலும் 'இங்கே படப்பிடிப்பு நடக்கிறது' என்று எழுதவைத்து, தானே அதைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் நின்றார். அன்று நானும் உடன் இருந்தேன். கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர் வந்து அட்டையைப் படித்துவிட்டுக் கேட்டார்:

"படத்துல நாங்க என்னவாண்ணே வர்றோம்?"

"கூட்டமா வர்றீங்க தம்பி."

"எப்பப் பாத்தாலும் கூட்டமாத்தான் வர்றோம். ஊர்ல அப்பா கேப்பாரு, இதுல நீ எங்கடான்னு."

அண்ணன் அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு நோட்டை எடுத்தார். அந்தத் தெருவில் சம்மதித்து நின்ற ஒவ்வொருவரிடமும் பெயர், ஊர் கேட்டு எழுதினார். அந்தப் படத்தின் முடிவில், இயக்குநர் பெயருக்கும் எங்கள் அலுவலகச் சின்னத்துக்கும் முன்னால், அந்தப் பெயர்கள் எல்லாம் ஓடும். அப்படிச் செய்தால்தான் கேமராவை இறக்கலாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் ஒரு பக்கத்துக்குள் எழுதித் தரச் சொன்னார்கள், அலுவலகச் செய்திமடலுக்காக. இதுவரை எழுதியதோடு நிறுத்தியிருந்தால் ஒரு பக்கம் சரியாக வந்திருக்கும். ஆனால் அவருடைய வாழ்க்கை அப்படி நிற்கவில்லை. பூன் லேயில் நடந்ததைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதினால் அது அஞ்சலி ஆகாது.

கொவிட் காலக் கட்டுப்பாடுகள் எல்லாம் முடிந்த பிறகு நடந்தது அது. கார்த்திக் என்ற இளைஞரின் முதல் முழுநீளப் படத்துக்கு நாங்கள் மானியம் தந்திருந்தோம். அந்தப் படத்துக்குப் பொறுப்பான அதிகாரி நான். கதையில் ஒரு சாவு. இங்கே கல்யாண விருந்தும் அடுக்குமாடியின் திறந்த கீழ்த்தளத்தில்தான் நடக்கும், சாவும் அங்கேதான். பூன் லேயில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடாரம், வெள்ளைத் துணி, வட்ட மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவே பெட்டி என்று உண்மையான வீட்டுக் காரியம் போலவே அமைத்திருந்தார்கள். பெட்டிக்குள் பிணமாக நடிக்க, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர்.

யாரும் ஏமாந்துவிடக் கூடாது என்று அண்ணன் நான்கு மொழிகளில் அறிவிப்பு எழுதி ஒவ்வொரு மின்தூக்கி வாசலிலும் ஒட்டினார். தமிழில் அவரே எழுதியது இது: "கீழே நடப்பது படப்பிடிப்பு. யாரும் இறக்கவில்லை. பயப்பட வேண்டாம். சிரமத்துக்கு மன்னிக்கவும்."

அப்படியும் இருவர் மலர் வளையத்தோடு வந்துவிட்டார்கள். ஒரு சீன முதியவர், சாவு வீட்டுக்குக் கொடுக்கும் பண உறையை நீட்டினார். அண்ணன் எல்லாரையும் உட்காரவைத்து, குடிக்கக் கொடுத்து, விளக்கி அனுப்பினார்.

நான்கு மணிக்குக் கார்த்திக் கேமராவோடு நான்காவது மாடியில் ஒரு வீட்டுக்குள் வேறொரு காட்சி எடுக்கப் போயிருந்தார். கீழே குழுவினர் இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். அப்போது பதினோராம் மாடியிலிருந்து ஓர் அம்மா இறங்கி வந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கடை வைத்திருப்பவர். வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். இவரும் ஏமாந்துவிட்டார் என்று நினைத்து அண்ணன் எழுந்து போனார்.

"அம்மா, இது படம்மா. யாரும்…"

"தெரியும் சார். நோட்டீஸ் படிச்சேன். காலையிலேர்ந்து மேல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." அவர் கையில் சேலைத் தலைப்பில் முடிந்த அரிசி இருந்தது. "என் வீட்டுக்காரரு கொவிட்ல போனாரு. இங்க கீழ வைக்க விடல. ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா மண்டாய் சுடுகாடு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தேன். பெட்டியத்தான் பாத்தேன். ஒரு பிடி அரிசி போடல சார் நான். ஒரே ஒரு தடவ போட்டுக்கிறேன். யாருக்கும் தொந்தரவு இல்லாம போயிடறேன்."

ஓட்டுநரை இறக்கிவிடுகிறேன், காலிப் பெட்டியில் போடுங்கள் என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். காலிப் பெட்டியில் எப்படிப் போடுவது என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார். பேருந்து ஓட்டுநரைக் கேட்டபோது அவர் பெட்டியிலிருந்து இறங்கியே விட்டார்.

"நடிப்புக்கு எத்தன தடவ வேணும்னாலும் சாவறேன் வேலு. நெசமா அரிசி போடறதுன்னா ஆள விடு லா. எனக்கு இன்னும் ரெண்டு பேத்தி கல்யாணம் இருக்கு."

அப்போதுதான் அண்ணன் என்னைக் கைபேசியில் அழைத்தார். நான் அலுவலகத்தில் ஒரு கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, "நான் படுத்துக்கலாம்னு பாக்கறேன்" என்றார்.

"நீங்களா?"

"வேற யாரு இருக்கா? பத்து நிமிஷம். ஆனா இது உன் படம். நீ வேணாம்னா வேணாம்."

"அண்ணி என்ன சொல்வாங்க?"

"அண்ணிகிட்ட யாரு சொல்லப் போறா?"

நான் சிரித்தேன். "பண்ணுங்கண்ணே. கார்த்திக்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றேன்.

நான் சொன்னது இந்த வார்த்தைகள்தான். எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். வேறு எதுவும் சொல்லவில்லை, தயங்கவுமில்லை. பிறகு கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். கார்த்திக்கை அழைக்கவே இல்லை. உள்ளே உட்கார்ந்த பிறகு நினைவு வந்தது. பத்து நிமிடம்தானே, அதற்குள் முடிந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

பத்து நிமிடத்தில் முடியவில்லை. கொவிட் காலத்திலிருந்தே தேங்கியிருந்த அழுகை அது. கார்த்திக் வேலை முடித்துக் கீழே இறங்கி வந்தபோது, தன் பெட்டிக்குள் அலுவலக அதிகாரி கண்மூடிப் படுத்திருப்பதையும், யாரோ ஒரு பெண் மார்பில் அடித்துக்கொண்டு அழுவதையும், தன் குழுவினர் தலைகுனிந்து நிற்பதையும் பார்த்தார். யாரைக் கேட்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. "லைட் போகுது லா, யாரு இத அலவ் பண்ணது?" என்று கத்தினாராம். அண்ணன் கண்ணைத் திறக்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்தி, பொறு என்று சைகை காட்டினாராம். ஐந்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஆறு மணிவரைதான் அனுமதி. அடுத்த வாரம் அதே இடம் ஒரு கல்யாணத்துக்குப் பதிவாகியிருந்தது. கீழ்த்தளத்தில் எடுக்க வேண்டியிருந்த அந்தக் காட்சி இல்லாமலேயே கார்த்திக் படத்தை முடிக்க வேண்டியதாயிற்று. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

எதிர்ப் புளோக்கிலிருந்து யாரோ எடுத்த காணொளியும் பரவியது. அடையாள அட்டை கழுத்தில் தொங்க, சவப்பெட்டியிலிருந்து அண்ணன் எழுந்து உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொள்வார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அண்ணியும் பார்த்தார்.

விசாரணைக் கூட்டம் ஒரு சின்ன அறையில் நடந்தது. எங்கள் துறைத் தலைவர், மனிதவளத்திலிருந்து ஒருவர், அண்ணன், பிறகு நான். மானிய அதிகாரி என்ற முறையில் கூட்டக் குறிப்பு எழுத என்னை உட்காரவைத்திருந்தார்கள். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. யார் அனுமதி கொடுத்தது என்று தலைவர் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் முந்திக்கொண்டார். தன்னுடைய முடிவுதான், யாரிடமும் கேட்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, ஏதோ பேனா கேட்பதுபோலச் சாதாரணமான குரலில் தமிழில் சொன்னார்:

"நீ பேசாத. எழுதிக்க."

அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். அடுத்த வாரம் எனக்குப் பதவி உயர்வுக்கான நேர்காணல் இருந்தது. அது அவருக்குத் தெரியும். நான் எழுதினேன். 'அதிகாரி யாரையும் கலந்தாலோசிக்காமல் தன்னிச்சையாகச் செயல்பட்டார்' என்ற பொருளில் ஒரு வாக்கியம். என் கையெழுத்தில் அது இன்றும் கோப்பில் இருக்கிறது.

எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அண்ணனைப் பழைய படச்சுருள்களும் நாடாக்களும் வைத்திருக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள். டப்பாக்களில் பெயர்ச் சீட்டு எழுதி ஒட்டும் வேலை. தெருவுக்குப் போக வேண்டியதில்லை. மனிதர்களோடு பேச வேண்டியதில்லை. "நல்ல ஏசி. வெயில் இல்ல, மழை இல்ல, மாவு மில்காரரு இல்ல" என்றார். ஆனால் நோட்டு சட்டைப் பையிலேயே இருந்தது. அதில் எழுத அங்கே எதுவும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு நான் கீழே இறங்கிப் போவேன். சில நாள்களில் அவர் சுருள் டப்பாக்களுக்கு நடுவே நாற்காலியில் கைகட்டிச் சும்மா உட்கார்ந்திருப்பார். ஒரு மணி நேரம் தெருவில் அசையாமல் நிற்கத் தெரிந்தவர்தான். இது அப்படி இல்லை.

ஒரு நாள் துணிந்து கேட்டேன். "அண்ணே, உள்ள படுத்திருந்தப்ப எப்படி இருந்துச்சு?"

"மேல சீலிங்குல ஒரு பல்பு எரியல. மறுநாளே டவுன் கவுன்சிலுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன்." பிறகு சற்றுப் பொறுத்துச் சொன்னார். "அந்தம்மா அவங்க வீட்டுக்காரரத் திட்டினாங்கம்மா. ஏன் மாஸ்க் போடல, ஏன் என் பேச்சக் கேக்கல, மருந்த ஏன் ஒளிச்சு வெச்சன்னு. நல்லா திட்டினாங்க. நானும் கண்ண மூடிக்கிட்டு வாங்கிக்கிட்டேன். வீட்டுல பழக்கம்தானே." சிரித்தார். "ஆனா அரிசி போடறப்ப கை நடுங்கல. ஒரு மணிகூடக் கீழ சிந்தல."

"அந்தக் கூட்டத்துல நான்…" என்று ஆரம்பித்தேன்.

"மழை வந்துச்சு, படம் நின்னுச்சு. அவ்வளவுதான். சாப்பிடு."

அதற்குப் பிறகு இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் பேச்சை மாற்றிவிட்டார். மூன்றாவது முறை முயலாமல் விட்டது நான்தான். அவர் பேச்சை மாற்றியது எனக்கு வசதியாகவும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஈசூனில் அவர் குடியிருந்த புளோக்கின் கீழ்த்தளத்தில்தான் அவரை வைத்திருந்தார்கள். வெள்ளை உடையில் ஊரே வந்திருந்தது. தேக்காவிலிருந்து கடைக்காரர்கள் பாதி நாள் கடையை அடைத்துவிட்டு வந்தார்கள். மாவு மில்காரர் பெட்டியின் அருகில் நின்று யாரோடும் பேசாமல் அழுதார். கார்த்திக் வந்திருந்தார். பெரிய மாலையாக வாங்கி வந்துவிட்டு, அதைப் போடத் தயங்கித் தூணோரம் நின்றார். நான் கூட்டிக்கொண்டு போனேன்.

சடங்கு செய்தவர் வாய்க்கரிசிக்கு அழைத்தார். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். என்னையும் தங்கை முறையில் வரச் சொன்னார்கள். அண்ணியின் முறை வந்தபோது அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அரிசியா? அவருக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே போட்டாச்சு" என்றார்.

மகன், "அம்மா" என்று தோளைப் பிடித்தான். அண்ணி ஒரு பிடி எடுத்துப் போட்டார். பாதி பெட்டியின் விளிம்பில் விழுந்தது.

மண்டாயிலிருந்து திரும்பிய பிறகு அண்ணி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். கோபமாகப் பேசவில்லை. புரியாத ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பவர்போலப் பேசினார்.

"ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட ரெண்டு பேர்கிட்ட கேக்கற மனுஷன் சுமதி இவரு. கறிவேப்பிலை வாங்கக்கூட மார்க்கெட்லேர்ந்து போன் பண்ணிக் கேப்பாரு. உயிரோட இருக்கறப்பவே வாயில அரிசி வாங்கிக்கிறதுக்கு மட்டும் யாரையும் கேக்கல பாரு. எங்கிட்டதான் கேக்கல, சரி. நான் விட மாட்டேன்னு தெரியும். வேற ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா தடுத்திருப்பாங்கல்ல?"

நான், "ஆமா அண்ணி" என்றேன்.

அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

அரிசியால் யாரும் சாவதில்லை என்று எனக்குத் தெரியும். அவருடைய அப்பாவும் இதயத்தில்தான் போனார். அண்ணிக்கும் ஒரு பக்கம் அது தெரியும். ஆனால் அவரை உறுத்துவது அரிசி இல்லை. முப்பது ஆண்டுகள் கூட வாழ்ந்த மனிதர் தனக்குத் தெரியாத வேறொருவராக ஒரு மதியம் மாறிவிட்டார் என்று அவர் நினைக்கிறார். கேட்டுச் செய்கிறவர் கேட்காமல் செய்தார், அதனால் வேலை போனது, முகம் வாடியது, ஆளும் போனார் என்று ஒரு கதையை அவர் தனக்குள் எழுதிக்கொண்டிருக்கிறார். அந்தக் கதை பொய். அண்ணன் கேட்டார். அன்றும் கேட்டுத்தான் செய்தார். கேட்கப்பட்டவள் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து 'ஆமா' என்றாள்.

அவர் இறந்து பன்னிரண்டு நாள்கள் ஆகின்றன. வரும் சனிக்கிழமை பதினாறாம் நாள் காரியம், சொந்தக்காரர்கள் நிறைந்திருப்பார்கள். அதற்கு முந்தைய நாள், வெள்ளிக்கிழமை மாலை, அண்ணி தனியாக இருக்கும் நேரத்தில் ஈசூனுக்குப் போகப்போகிறேன். இந்தத் தாள்களை எடுத்துப் போய், பூன் லே பகுதியை முதலில் படித்துக் காட்டுவேன். நான் சொன்ன வார்த்தைகளையும், அழைக்காமல் விட்ட அழைப்பையும், எழுதிய வாக்கியத்தையும் ஒன்றும் குறைக்காமல் படிப்பேன். திங்கட்கிழமை, கோப்பில் உள்ள அந்தக் குறிப்பைத் திருத்தச் சொல்லித் தலைவருக்குக் கடிதம் கொடுப்பேன். அண்ணி என்னை இனி வீட்டுக்கு வராதே என்று சொல்லலாம். இதை அச்சிட வேண்டாம் என்றும் சொல்லலாம். செய்திமடலுக்கு இன்னும் அனுப்பவில்லை. அவர் சரி என்று சொன்னால்தான் அனுப்புவேன். இப்படிச் செய்யப்போகிறேன் என்று என் வீட்டிலும் அலுவலகத்திலும் இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

அண்ணே, பதினேழு ஆண்டுகளாக நீங்கள் சொன்ன எதையும் நான் தட்டியதில்லை. 'நீ பேசாத' என்று சொன்னீர்களே, அதை மட்டும் இனிக் கேட்கமாட்டேன். நிம்மதியாகப் போங்கள்.